ஓடிப்போனவள் பால் கறந்த பதினோரு நாள்

கெசையா டன்னேஜ் ஓடிப்போனது ஒரு திங்கட்கிழமை சாயங்காலம். ஓடுகிறவள் சட்டுபுட்டென்று ஓட வேண்டியதுதானே? அவள் அப்படியில்லை. பண்ணையில் இருந்த ஒன்பது மாட்டையும் கறந்து முடித்து, பாலை வடிகட்டி, வாளிகளை வெந்நீர் விட்டுக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் வேலியைத் தாண்டினாள். அழுக்கு வாளியைப் போட்டுவிட்டுப் போனால் அடுத்து வேலைக்கு வருகிறவள் என்னைப் பற்றி என்ன நினைப்பாள் என்று பிற்பாடு கேட்பாள். நல்ல கேள்விதான், போங்கள்.

ஊர் இங்கிலாந்தில் வில்ட்ஷையர். பாலாடைக்கட்டி செய்கிற குடும்பம். ஒரு சுருள் துணியைத் திருடினாள் என்று ஏழு வருஷம் தண்டனை போட்டு, கப்பலேற்றி, ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸுக்கு அனுப்பிவிட்டார்கள். இங்கே கைதிகளைச் சும்மா உட்கார வைத்துச் சோறு போடுவதில்லை. பண்ணைக்காரர்களிடம் சம்பளமில்லாத வேலைக்கு விட்டுவிடுவார்கள். எஜமானியை எதிர்த்துப் பேசினால் பெண்கள் சிறைக்குத் திருப்பி அனுப்புவார்கள். அங்கே முதல் காரியமாகத் தலைமயிரை ஒட்ட வெட்டுவார்கள். கெசையா ஒருமுறை போய்விட்டு வந்தவள். மயிர் இப்போதுதான் தோளைத் தொட்டிருந்தது. வெண்ணெயில் உப்பு கூடிவிட்டது என்று எஜமானி சொல்ல, உங்கள் நாக்கில்தான் கூடிவிட்டது என்று இவள் சொல்ல, புதன்கிழமை கான்ஸ்டபிள் வந்து கூட்டிப்போவதாக ஏற்பாடு. அதனால்தான் திங்கட்கிழமை.

இதற்கு முன்னால் ஓடிய ஆண்பிள்ளைகளின் லட்சணம் அவளுக்குத் தெரியும். பாதிப்பேர் கப்பல் பிடிக்கிறேன் என்று கடற்கரைக்கு ஓடி நேராகச் சிப்பாய்களின் கையில் போய் விழுந்தார்கள். மீதிப்பேர் மலையைத் தாண்டினால் சீனா வந்துவிடும் என்று நம்பி, காகிதத்தில் திசைகாட்டி வரைந்து கையில் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர்களுடைய எலும்புதான் கிடைத்தது. கெசையாவுக்குச் சீனாவும் வேண்டாம், சீமையும் வேண்டாம். ஓடையைப் பிடித்து மேலே ஏறினால் மலை, மலைக்கு அந்தப் பக்கம் சர்க்காரின் கை எட்டாத புல்வெளி. அங்கே ஆடுமாடு வைத்திருக்கிறவர்கள் வேலைக்கு ஆள் கிடைத்தால் போதும் என்று பேர்கூடக் கேட்பதில்லை என்று கேள்வி. அதுவே போதும் அவளுக்கு.

ஒரு தகரக் குவளை, ஒரு கத்தி, கொஞ்சம் மாவு, கொஞ்சம் உப்பு. மாவைப் பிசைந்து சாம்பலில் சுட்டுத் தின்றாள். மூன்றாம் நாள் ஓடைக்கரையில் கிழங்கு தோண்டிக்கொண்டிருந்த, அந்த மண்ணின் ஆதிகுடிகளான கமிலராய்ப் பெண்களைப் பார்த்துப் பயந்து நின்றாள். அவர்களும் இவளைப் பார்த்துக் கொஞ்சம் பயந்தார்கள். அவர்கள் நாட்டில் அவர்கள் தோண்டுகிறார்கள், நடுவில் இவள் வந்து நின்றால் பயப்படமாட்டார்களா? பிறகு ஒருத்தி சுட்ட கிழங்கு இரண்டைக் கொடுத்து, மேலே நீர் இருக்கும் இடத்தைக் கையால் காட்டிவிட்டுப் போனாள். இவள் கத்தியைக் கொடுக்க நினைத்து, நினைத்ததோடு நிறுத்திக்கொண்டாள். அதற்காகக் கடைசிவரை வெட்கப்பட்டாள்.

ஐந்தாம் நாள் காலையில் ஒரு மாடு கத்துவது கேட்டது. சும்மா கத்தல் இல்லை. அந்தக் கத்தல் எதற்கென்று மாடு கறந்தவளுக்குத் தெரியும். போய்ப் பார்த்தால், கழுத்தில் மணி கட்டிய சிவப்புக் கறவை ஒன்று. பக்கத்தில் காட்டுநாய் தின்று மீதம் வைத்த கன்றின் எலும்பு. மடி கல்லாகக் கட்டிக்கொண்டு, காம்பைத் தொட்டாலே காலை உதறியது. தொடையில் பண்ணை முத்திரை வேறு.

இங்கேதான் கெசையாவைத் திட்ட வேண்டும். ஓடிப்போனவள் பிடிபட்டால் மயிர் போகும், தண்டனை கூடும், அவ்வளவுதான். முத்திரை போட்ட மாட்டோடு பிடிபட்டால் மாடு திருடியவள், தூக்கு. இது பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். புத்தியுள்ள எவளும் திரும்பிப் பார்க்காமல் போயிருப்பாள். இவள் பாவாடையைச் செருகிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ஒருவேளை மட்டும் கறந்து வலியைத் தீர்த்துவிட்டுப் போவோம் என்று நினைப்பு. ஒருவேளை கறந்தால் மறுவேளை கறக்காமல் முடியுமா?

அவள் ஊரில் பாட்டுப் பாடித்தான் கறப்பார்கள். பாடாவிட்டால் மாடு பாலை அடக்கிக்கொள்ளும் என்பது அவர்கள் நம்பிக்கை. மணிக்குள் புல்லைத் திணித்துச் சத்தம் வராமல் செய்தவள், அந்த மாட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காலையும் மாலையும் காடு முழுக்கக் கேட்கும்படி பாடினாள். அந்த முரண் அவள் மண்டையில் ஏறவே இல்லை. மாட்டுக்குச் சீமாட்டி என்று பேர் வைத்தாள். பாறைக்கு அடியில் ஓர் ஒதுக்கிடம், பக்கத்தில் ஊற்று, பசும்புல். பாலைக் குடித்தாள், மீந்ததை மரப்பட்டையில் ஊற்றிப் புளிக்கவைத்துத் தின்றாள். கன்னம் உப்பியது. மயிரை அவிழ்த்துவிட்டு வெயிலில் உலர்த்தினாள். ஒருநாள் மத்தியானம் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தபோது, நான் சந்தோஷமாக இருக்கிறேன் என்று அவளுக்கே தோன்றியது. தோன்றியதும் திடுக்கிட்டுப் போனாள்.

கறக்க ஆரம்பித்த பதினோராம் நாள், செவ்வாய்க்கிழமை சாயங்காலம், அவள் கறந்துகொண்டிருந்தபோது முதுகுக்குப் பின்னால் ஓர் ஆண்குரல் கேட்டது.

"பாட்டை நிறுத்தாதம்மா. நிறுத்தினா அடக்கிக்கும்."

அவள் நிறுத்தவில்லை. கறந்து முடித்த பிறகுதான் திரும்பினாள். கையில் குதிரைக் கடிவாளத்தோடு, தாடி வைத்த ஒரு மாட்டுக்காரன். பேர் அப்னர், அவனும் கைதிதான். இரண்டு வாரமாக இந்த மாட்டைத் தேடி அலைகிறான். மாடு இல்லாமல் திரும்பினால் முதுகில் ஐம்பது அடி. கெசையா ஒன்றும் மறைக்கவில்லை. மறைக்க என்ன இருக்கிறது? அவள் கொடுத்த பாலைக் குடித்துவிட்டு அவன் மாட்டைச் சுற்றி வந்தான். மடியைப் பார்த்ததும் முகம் மாறியது.

"இதான் வம்பு. தொலைஞ்ச மாடு இந்நேரம் வத்திப்போயிருக்கணும், இல்ல மடி வீங்கிச் சாகக் கிடக்கணும். இது ஜம்முன்னு நிக்குது. மேஸ்திரி ஒரு தடவை மடியில கை வச்சார்னா போதும், காட்டுல கறக்கிறவ ஒருத்தி இருக்கான்னு தெரிஞ்சிரும். உன்னைத் தேடற கூட்டம் இப்பவே கணவாய்ல உக்காந்திருக்கு. வெள்ளிக்கிழமைவரைக்கும் இருப்பாங்க."

பிறகு, மாடு கிடைக்கவில்லை என்றே சொல்லிவிடுகிறேன், ஐம்பது அடிதானே என்றான். அதைக் கேட்டதும் கெசையாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"யாரு உன்னை அடி வாங்கச் சொன்னது? கன்னு நேத்துதான் செத்துச்சுன்னு சொல்லு. நேத்துவரைக்கும் குடிச்சுதுன்னா மடி இப்படித்தானே இருக்கும்?"

அவன் அவளையே பார்த்தான். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரிப்பு அடங்கியதும் அவள் கேட்க வேண்டியதைக் கேட்டாள்.

"ஓடினவளைப் பிடிச்சுக் குடுத்தா விடுதலைச் சீட்டு தருவாங்களாமே. உனக்கு இன்னும் எத்தனை வருஷம்?"

"ஒன்பது," என்றான் அப்னர்.

அவள் மணியிலிருந்து புல்லை உருவி எடுத்தாள். அவன் வழியில் கறக்க வேண்டுமே என்று பாட்டைச் சொல்லிக்கொடுத்தாள். அவன் பாடிய பாட்டுக்குச் சீமாட்டி தலையைத் திருப்பி முறைத்தது. வெள்ளிக்கிழமை தாண்டும்வரை இந்தப் பாறையை விட்டு நகராதே என்று சொல்லிவிட்டு அவன் மாட்டை ஓட்டிக்கொண்டு போனான். மணிச்சத்தம் வெகுநேரம் கேட்டது.

அவன் சொன்னபடி அவள் நகரவில்லை. நகரவும் வழியில்லை: முன்னால் போனால் கணவாயில் கூட்டம், பின்னால் போனால் பண்ணை. இருக்கிற இடம் அவன் ஒருவனுக்குத் தெரியும். ஒன்பது வருஷத்தை ஒரே வார்த்தையில் அழித்துக்கொள்ள அவனால் முடியும். அவன் இடத்தில் நான் இருந்தால் என்ன செய்வேன் என்று கேட்டுப் பார்த்தாள். பதில் அவளுக்குப் பிடிக்கவில்லை. புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் குதிரைக் குளம்புக்குக் காதைக் கொடுத்துக்கொண்டே கிடந்தாள். ஒருவரும் வரவில்லை. சனிக்கிழமை விடியலில் பழக்கதோஷத்தில் எழுந்து உட்கார்ந்தாள். கறக்க மாடில்லை. கூப்பிட எஜமானியில்லை, பிடிக்க ஆளில்லை. பொத்தென்று மறுபடி படுத்து, வெயில் முகத்தில் சுடும்வரை தூங்கினாள். முப்பத்துநாலு வயதில் அவள் விடிந்த பிறகும் தூங்கியது அதுதான் முதல்முறை.

மலைக்கு அந்தப் பக்கம் அவளை யாரும் பேர் கேட்கவில்லை. அவள் செய்த பாலாடைக்கட்டியைத்தான் கேட்டார்கள். நாமாய் ஆற்றங்கரையில் ஒரு குடிசையும் நாற்பது மாடுகளும் அவள் பொறுப்பில் வந்தன. கட்டிக்கொள்கிறேன் என்று மூன்று பேர் வந்தார்கள். மூவருக்கும் பாலாடைக்கட்டியில் ஒரு துண்டு வெட்டிக் கொடுத்து அனுப்பிவிட்டாள்.

அப்னர் ஒன்பது வருஷத்தையும் ஒரு நாள் குறையாமல் கழித்தான். முடிந்த வாரமே, தாடி நரைத்து, நடந்தே மலையைத் தாண்டி விசாரித்துக்கொண்டு வந்து அவள் வாசலில் நின்றான். வந்தது யாரென்று அவளுக்கு ஒரு நொடிகூடச் சந்தேகம் வரவில்லை. வா என்றுகூடச் சொல்லாமல், ஒன்பது வருஷமாக மனதை அரித்துக்கொண்டிருந்ததைத்தான் கேட்டாள்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அப்பவே வெளிய வந்திருக்கலாமே. ஏன் சொல்லல?"

"வந்திருக்கலாம்," என்றான் அவன். "வந்து யார் மூஞ்சியில முழிக்கிறது?"

அவள் முக்காலியை அவன் பக்கம் தள்ளிப்போட்டுவிட்டு, அடுப்பில் தண்ணீர் வைக்க உள்ளே போனாள்.