இரண்டு ‘விடு’, ஒரு கூடை

காலை 7.10. சென்னையில் ஏறிய ரயில் இருபது மணிநேரம் உருட்டிப் புனே நிலையத்தில் என்னை இறக்கியது. ஒரே ஊரில் பத்து நாள் இருந்தால் எனக்குக் கால் அரிக்கும். இந்த முறை ஒரு காரணமும் இருந்தது. தங்கை மகன் நிதின் கல்லூரிக் கூடைப்பந்து அணியில் இருக்கிறான். இன்று மாலை லீக்கின் கடைசி ஆட்டம். வென்றால் அரையிறுதி, தோற்றால் இந்த வருட ஆட்டம் அத்தோடு சரி.

தங்கை வீடு இருக்கும் கசார்வாடிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர். ஆட்டோக்காரர் முந்நூறு என்றார். “மேட்ச் பார்க்கவா வந்தீர்கள்? கிரிக்கெட்டா?” என்று இந்தியில் கேட்டார். கூடைப்பந்து என்றேன். கண்ணாடி வழியாகப் பரிதாபமாகப் பார்த்து, இறங்கும்போது இருபது ரூபாய் குறைத்துக்கொண்டார்.

10.00. தங்கை செல்வி போஹா என்னும் அவல் உப்புமாத் தட்டை நீட்டியபடி குரலைத் தாழ்த்தினாள். “அண்ணே, தோத்துப்போன அந்த மேட்சப் பத்தி மட்டும் அவன்ட்ட கேட்டுராத. மூணு ஆட்டமா பெஞ்சுல உக்கார வச்சிருக்காவ. இன்னைக்குத்தான் எறக்குதாவளாம்.”

2.15. அணியின் வேனில் எனக்கும் ஓர் இருக்கை. ஹிஞ்சேவாடி பக்கத்து மைதானத்துக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். கம்பெனி கேப்களின் நடுவே ஒன்றேகால் மணிநேரம் ஊர்ந்தோம். மழை கழுவிய வானம் மேலே சும்மா கிடந்தது. நான் கேட்காமலே கதை வெளியே வந்தது.

கேப்டன் ரியாஸ் மேலப்பாளையத்திலிருந்து படிக்க வந்தவன். இந்தி, மராத்தி, ஆங்கிலம் மூன்றும் எதிரணிக்குப் புரியும் என்பதால், களத்தில் அவனும் நிதினும் தமிழில் கத்துவார்களாம். தோற்ற அந்த ஆட்டத்தின் கடைசி நொடிகளில் ஒரு புள்ளி முன்னிலை. எதிரணிக்காரன் தட்டிய பந்து கோட்டுக்கு வெளியே ஓடியது. தொடாமல் இருந்தால் பந்து இவர்களுக்கு. “விடுல!” என்றான் ரியாஸ். நிதின் பாய்ந்து பிடித்து, பாதி மைதானத்திலிருந்து கூடையை நோக்கி வீசினான். தவறியது. எதிரணி அதை எடுத்துப்போய்ப் போட்டு வென்றது.

“விடுன்னா விட்டுத் தொலைக்கணும்ல! நீ ராக்கெட்டு விடுத?” என்றான் பின்னிருக்கையிலிருந்து ரியாஸ்.

“அரே, எனக்கு ஒரே விடுதான் தெரியும். அம்மா சொல்றது. பட்டம் விடு.”

வேன் குலுங்கிச் சிரித்தது. முன்னிருக்கையில் பயிற்சியாளர் திரும்பினார். “இன்று இந்தி மட்டும். தமிழ் காதில் விழுந்தால் இருவரும் பெஞ்சுக்கு.”

பட்டம் விடுகிறோம். மூச்சு விடுகிறோம். பிடித்த கையையும் விடுகிறோம். இத்தனை வருடம் எழுதியும் இவற்றை நான் வரிசையாக வைத்துப் பார்த்ததில்லை.

5.20. ஒரு புள்ளி பின்தங்கியிருந்தோம். மிச்சம் ஏழு வினாடி. எதிரணி விரல் பட்டு, பந்து பக்கக் கோட்டை நோக்கி உருண்டது. நிதின் குனிந்துவிட்டான்.

“ஏல, விடுல!” அவசரத்தில் ரியாஸின் நாக்குக்கு இந்தி கிடைக்கவில்லை.

சுடுசட்டியைத் தொடப்போனவன்போல நிதின் இரண்டு கைகளையும் மேலே இழுத்துக்கொண்டான். பந்து வெளியே போனது. நடுவரின் கை எங்கள் பக்கம் காட்டியது. ரியாஸ் கோட்டருகிலிருந்து எறிந்தான். வலது மூலையில் நிதின் வாங்கினான்.

“விடு!”

பந்து எழுந்தது. நூல் இல்லாத பட்டம். வலை ஒருமுறை அசைந்தது. நானும் பயிற்சியாளரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு நின்றோம்.

மூச்சு வந்ததும் அவர் கேட்டார்: “இரண்டு முறையும் ஒரே வார்த்தைதானே சொன்னான்?”

“ஆமாம் சர்.”

“பிறகு எப்படி?”

நான் கைகளை ஒருமுறை பின்னால் இழுத்தும், ஒருமுறை மேலே வீசியும் காட்டினேன். அவர் ரியாஸைப் பார்த்தார். பெஞ்சைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

மறுநாள், பகல் 12.40. அரையிறுதி அடுத்த வாரம். என் பயணச்சீட்டோ இன்றைக்கு. இதே சொல்லோடு நான் பிறந்து வளர்ந்த ஊரில் அதை யாரும் நின்று யோசித்ததில்லை. இங்கே பாதித் தமிழ் வைத்திருப்பவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறான். ரயில் மெதுவாக அசைந்தது. சன்னல் கம்பிக்குள் கையை விட்டு என் விரல்களைப் பிடித்தபடி நிதின் கூடவே நடந்தான்.

“விடுடா, வண்டி கிளம்பிட்டு.”

அவன் சிரித்தான். “எந்த விடு, மாமா?”