எல்லா ஊரிலும் ஒரே களிமண்

தலவாக்கலை பஸ் நிலையம் மூடுபனிக்குள் கிடக்கிறது. மூன்று நாளில் என்னோடு பேசியவர் தேநீர்க்கடைக்காரர் மட்டுமே. அதுவும் சீனி போடவா என்று கேட்க. என் மடியில் விரிந்திருக்கும் டைனோசர் படத்தைப் பார்த்து, பக்கத்தில் பெரிய பையோடு காத்திருக்கும் பெண், "இதெல்லாம் எப்புடிங்க சார் செத்துச்சு?" என்கிறார்.

கேட்க ஆள் கிடைத்த பூரிப்பில் கொட்டுகிறேன். விண்கல் விழுந்தது, தூசி வெயிலை மறைத்தது, செடிகொடி பட்டுப்போனது, பிறகு பட்டினி.

"எங்க தேயிலைத் தோட்டத்துலயும் வெயில் இல்லீங்க. கொழுந்து வரல, அரைப்பேருதான், அரைநாள் சம்பளம். புள்ளைங்கள அக்காகிட்ட விட்டுட்டு கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போறேன். இந்த மிருகங்களும் வேற ஊருக்குப் போயிருக்கலாமே?"

"எங்க போறது? விண்கல்லுல நிறைய இருக்கற இரிடியம்ங்கற உலோகம், அந்தக் காலத்துக் களிமண் அடுக்குல உலகம் முழுக்கக் கிடைக்குது. எல்லா ஊருக்கும் ஒரே கதிதான்."

வாத்தியார் போலச் சொல்லி முடித்த பிறகுதான் அவர் முகத்தைப் பார்க்கிறேன்.

கொழும்பு பஸ் வருகிறது. ஏறியவர் ஜன்னல் வழியே, "கொழும்புல நல்ல வெயிலாமே சார்?" என்கிறார்.

"சுள்ளுன்னு அடிக்குதும்மா" என்று கையசைக்கிறேன். மூன்று நாள் முன்பு நான் அங்கிருந்து கிளம்பியபோது கொட்டும் மழை.