கலைந்திருந்த இரண்டாம் கட்டில்

இது நடந்தது. யாரோ சொல்லக் கேட்டவர் சொன்னதன்று. அந்த அறையில் குடியிருந்தவளே தன் எழுபதாம் வயதில், விளக்கை அணைக்கவிடாமல் சொன்னது. இதில் ஒரு சொல்லும் கூட்டப்படவில்லை.

தெருக்களில் டிராம் வண்டி ஓடிய காலம். அவள் தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுப்பவள். உடன் இருந்தவள் தையற்காரி. ஊராருக்கு இருவரும் ஒன்றுவிட்ட அக்கா தங்கை. உண்மையில் இருவரும் காதலர். ஆறாண்டுகளாய்ச் சேர்ந்து குடும்பம் நடத்துபவர். அது வெளியே தெரிந்தால் அவளுக்கு வேலை போகும். தையற்காரியையோ, அவளுடைய அண்ணன்மார் இழுத்துச் சென்று பைத்தியக்கார விடுதியில் அடைத்துவிடுவர். அவ்வாறு அடைக்கப்பட்ட ஒருத்தியை இருவரும் நேரில் அறிவர்.

மாடியறையில் இரண்டு கட்டில்கள். உறங்குவது ஒன்றில்தான். வீட்டுக்காரம்மா நாள்தோறும் காலை ஆறு மணிக்கு அறையைப் பெருக்க வருவார். உள்தாழ்ப்பாள் போடலாகாது என்பது அவரது நிபந்தனை. ஆகவே, ஐந்தரைக்கு இருவரில் ஒருத்தி எழுந்து இரண்டாம் கட்டிலில் புரண்டு, விரிப்பைக் கசக்கி, தலையணையைக் குத்திப் பள்ளமாக்குவாள். முறைவைத்துச் செய்தனர்.

ஒரு திங்கட்கிழமை தையற்காரி முணுமுணுத்தாள்.

“இன்னைக்கு என் முறை. நீ எதுக்குக் கலைச்ச?”

“நான் இன்னும் எந்திரிக்கவே இல்லையேடி.”

“அப்போ கட்டில் தானாவே கலைஞ்சுக்கிச்சா? நல்லதாப் போச்சு. நாளைக்குப் பாத்திரமும் தேய்க்கட்டும்.”

சிரித்தனர். செவ்வாயன்றும் கலைந்திருந்தது. புதனன்று, ஐந்து முப்பத்திரண்டுக்கு, விரிப்பைத் தொட்ட தையற்காரி கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். வெதுவெதுப்பாக இருந்தது... சற்றுமுன் எவரோ எழுந்துபோன படுக்கைபோல.

அதன்பின் அக்கட்டிலின் அருகே செல்ல இருவருக்கும் அச்சம். எப்படியும் அது தானே கலைந்துகொள்ளும் என்று எண்ணினர். வியாழன் இரவு, அந்த எண்ணத்திலேயே அயர்ந்து உறங்கிவிட்டனர்.

வெள்ளி. விழித்தபோது மணி ஐந்து ஐம்பத்தெட்டு. இரண்டாம் கட்டிலில் ஒரு சுருக்கம் இல்லை. இஸ்திரி போட்டதுபோல் கிடந்தது.

படியில் செருப்பொலி. சரக்... சரக்...

அவள் தையற்காரியை உலுக்கினாள்.

“எந்திரிடி. வந்துட்டாங்க.”

தையற்காரி பாய்ந்தெழுந்து அந்தக் கட்டிலை நோக்கி ஓடினாள். பாதியில் நின்றாள். அதில் படுக்க மனம் துணியவில்லை. கதவு திறந்தால் மறைக்கும் மூலையில் ஒடுங்கிக்கொண்டாள்.

கைப்பிடி திரும்பிற்று.

கதவெதிரே நின்ற மற்றவளின் முதுகுக்குப் பின்னால் கட்டிற்கம்பி முனகிற்று. கிறீச்...

அவள் திரும்பவில்லை.

கதவு திறந்தது. வீட்டுக்காரம்மா துடைப்பத்துடன் நின்றார். அவர் பார்வை அவளைத் தாண்டிச் சென்று நிலைகுத்திற்று. முகத்தில் ஈயாடவில்லை.

“தங்கச்சி இன்னும் எந்திரிக்கலையா?” அவர் உள்ளே கால் வைக்கவில்லை. “சரி. தூங்கட்டும்.”

கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.

கதவுக்குப் பின்னால் தையற்காரி நின்றிருந்தாள். இருவரும் ஒருசேரத் திரும்பினர்.

எவருமில்லை.

விரிப்பு கசங்கிக் கிடந்தது. தலையணையின் பள்ளம்... மெல்ல மேலெழும்பிக்கொண்டிருந்தது.

ஞாயிறு மாலை அறையைக் காலிசெய்தனர். பெட்டியைத் தூக்கியவளை வீட்டுக்காரம்மா தனியே அழைத்தார்.

“இருபது வருஷத்துக்கு முன்னாடி மாடியில ரெண்டு பொண்ணுங்க இருந்தாங்க. உங்கள மாதிரிதான். ஒருநாள் ஒரு கட்டில் கலையாம கெடந்துச்சு. எங்க மாமியார் பாத்துட்டு, சின்னவளோட அண்ணன்களுக்கு ஆள் அனுப்பிட்டாங்க. அவங்க இழுத்துட்டுப் போய் அடைச்சு வச்ச எடத்துலயே சின்னவ ஒன்பதாம் நாள் செத்துப்போனா. பெரியவ அந்தக் கட்டில்லயே பட்டினியாக் கெடந்து, அதே மாசம் போய்ச் சேர்ந்தா.”

அவள் பெட்டியைக் கீழே வைத்தாள். “உங்கள மாதிரின்னா... எங்களைப் பத்தி...”

“தெரியும். அன்னைக்குக் கதவுக்குக் கீழ தங்கச்சியோட காலு தெரிஞ்சுது. பயப்படாதம்மா. நான் வாயைத் திறக்க மாட்டேன்.”

“அப்போ... கட்டில்ல நீங்க யாரைப் பாத்தீங்க?”

வீட்டுக்காரம்மா மாடிப்படியை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

“ரெண்டு பேரையும்தான். ஒரே போர்வைக்குள்ள... கண்ணை முழிச்சு என்னையே பாத்துக்கிட்டு இருந்தாங்க.”