‘மாத்தி’ சொல்லாத அண்ணாச்சி

“இதுல ஓட்டை இருக்கு, மாத்தித் தாங்க” என்று யாராவது தார்ப்பாயைத் திருப்பிக்கொண்டு வந்தால், தாணுமாலையன் அண்ணாச்சி “அதுக்கென்ன, வேற தாறேன்” என்பார். பல்பு எரியாவிட்டால் “களத்திட்டு வேற போடு” என்பார். பஸ் மாற வேண்டியிருந்தால் அவருக்கு அது, “ஒண்ணுலேருந்து எறங்கி இன்னொண்ணுல கேறணும்.” இந்த மலையாள ஊரின் சாலைக் கடைத்தெருவில் இது எல்லோருக்கும் தெரியும். வேலை இல்லாத மதியங்களில், “அண்ணாச்சி, டிரைவர் கியரை என்ன செய்வான்?” என்று பக்கத்துக் கடைக்காரர்கள் வாயைக் கிண்டுவார்கள். “அடுத்தது போடுவான், நீ சோலியப் பாருடே” என்று அவரும் சளைக்காமல் சொல்வார். ‘மாத்து’ என்ற சொல்லை மட்டும் அவர் வாயிலிருந்து பிடுங்க முடியாது.

அவருக்கு வயது ஐம்பத்தாறு. கயிறும் தார்ப்பாயும் விற்கும் கடையில் முப்பது வருடமாக நிற்கிறார். அரைக்கைச் சட்டை, காதில் ஒரு பென்சில். அந்தப் பென்சிலின் பின்பக்க ரப்பர் எப்போதும் பாதி தேய்ந்திருக்கும். பென்சில் சிறுத்ததும் தூக்கிப் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ரப்பர் தீர்ந்ததற்காகப் புதுப் பென்சில் வாங்குகிற ஆள் அவர் ஒருவர்தான். அந்த ரப்பர் எங்கே தேய்கிறது என்பதுதான் அவருடைய கதை.

கடைகளுக்குப் பின்னால், நாங்கள் குடியிருக்கும் சந்தில் ஒரு முத்தாரம்மன் கோயில் இருக்கிறது. நாகர்கோவில், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள் கட்டியது. சித்திரையில் மூன்று நாள் கொடைத் திருவிழா. அதன் கலைநிகழ்ச்சிகளுக்கு அண்ணாச்சிதான் கன்வீனர். மூன்றாம் நாள் மாலைக் கச்சேரிக்கு யார் என்பதை அவர்தான் முடிவு செய்வார். நோட்டீஸில் அந்தக் குழுவின் படம்தான் பெரிது. அம்மன் படத்துக்கு அடுத்த அளவு. மற்றவர்கள் தபால்தலை அளவில் ஓரமாக நிற்பார்கள்.

கேசட் கேட்டுத் தேர்ந்தெடுப்பதில் அவருக்கு நம்பிக்கை இல்லை. மற்ற ஊர்த் திருவிழாக்களுக்குப் போவார். மேடைக்கு முன்னால் உட்கார மாட்டார். கடலை வறுக்கிற வண்டிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொள்வார். “கடலைக்காரன் ஒரு ராத்திரிக்கு ஒம்பது பேரு பாட்டுக் கேக்கவன். அவன் சட்டியத் தட்டாம நிறுத்துனாம்னா, பாடுகது ஆளாக்கும்” என்பது அவருடைய இலக்கணம். நானும் இரண்டு முறை அவரோடு போய்ச் சட்டியையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். இரண்டு முறையும் தட்டல் நிற்கவில்லை, எனக்குக் கால்தான் வலித்தது.

ஆளைப் பிடித்துவிட்டால் போதுமா, தேதி வேண்டாமா? பெரிய பாட்டுக்காரர்களின் சித்திரையைப் பெரிய கோயில்கள் முன்கூட்டியே எடுத்துக்கொண்டுவிடும். எங்களுடையதோ சந்துக் கோயில். ஆகவே அண்ணாச்சி எங்கே கச்சேரி தள்ளிப்போகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டு காத்திருப்பார். ஓரிடத்தில் திருப்பணி, ஓரிடத்தில் கமிட்டிக்குள் அடிதடி, ஓரிடத்தில் மழை. அந்தக் குழுவுக்கு அன்றைக்கு வேலையில்லை என்று தெரிந்ததும் முதல் போன் இவருடையதாக இருக்கும். ஊராருடைய தடங்கலில்தான் எங்கள் கொடை இத்தனை வருடமாகக் களைகட்டி வந்திருக்கிறது. இதைச் சொன்னால் கோபித்துக்கொள்வார், ஆனாலும் உண்மை.

எண்பத்தொன்பதில் வித்துரா என்ற மலையூரில் ஒரு திருவிழா. ‘செல்வின்–செல்வி’ என்று ஒரு மெல்லிசைக் குழு. நாகர்கோவில் செல்வினும் திருநெல்வேலி இசக்கிசெல்வியும் சேர்ந்து பாடினார்கள். ஒரு பாட்டில் சரணம் முடிந்து பல்லவிக்குத் திரும்புகிற இடத்தில் இசக்கிசெல்வி ஒரு மூச்சு நேரம் பாடாமல் நின்றாராம். தபலா நின்றது. சட்டி நின்றது. “எல்லாம் நின்னு போச்சு சாரே. மலைக்காத்து மட்டும் கேக்குது. பொறவு அவிய பல்லவிய எடுத்தாவ. கடலை முச்சூடும் கரிஞ்சு போச்சு, அவன் பாக்கவே இல்ல” என்று அண்ணாச்சி என்னிடம் குறைந்தது இருபது தடவை சொல்லியிருப்பார். ஒவ்வொரு தடவையும் அந்த ‘நின்னு போச்சு’ வந்ததும் அவரும் கொஞ்சம் நிற்பார்.

நாலு வருடம் அலைந்து தொண்ணூற்று மூன்றில் அந்தக் குழுவுக்குத் தேதி வாங்கினார். செவ்வாய்க்கிழமைக் கச்சேரி. திங்கள் மாலை அடித்த கோடை மழையில் மேடையும் பந்தலும் சரிந்தன. தார்ப்பாய்க் கடைக்காரர் கட்டிய பந்தல் என்று சந்தே சிரித்தது. கச்சேரியை வெள்ளிக்கிழமைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று கமிட்டி முடிவு செய்தது. நாகர்கோவிலில் தங்கியிருந்த இசக்கிசெல்விக்கு அண்ணாச்சி எஸ்.டி.டி. பூத்திலிருந்து போன் செய்தார். தப்பாக ஒரு வார்த்தை வந்துவிடக் கூடாது என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாராம். லைன் கொரகொரவென்று இருந்தது. அவர் சொன்னது இவ்வளவுதான்: “அம்மா, உங்க பரிபாடிய மாத்தி வச்சாச்சு. ஒண்ணும் விசாரிக்கப்படாது. வெள்ளிக்கிழம...” அந்தப் பக்கம் “சரி” என்று ஒரு சொல். லைன் போய்விட்டது.

அண்ணாச்சி இந்த ஊரில் பிறந்து மலையாளப் பள்ளியில் படித்தவர். ‘பரிபாடி’ என்றால் மலையாளத்தில் நிகழ்ச்சி; ‘மாற்றி வச்சு’ என்றால் அதை வேறு நாளைக்கு வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ‘ஒண்ணும் விசாரிக்கருது’ என்றால் மனதில் எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள் என்று அர்த்தம். இதைவிடப் பணிவாக ஒரு கமிட்டிக்காரர் பேசிவிட முடியாது. திருநெல்வேலிக் காதில் அது எப்படி விழுந்திருக்கும்? உனக்குப் பதிலாக வேறு ஆளைப் போட்டாயிற்று, ஏன் என்று ஒரு கேள்வி கேட்கக் கூடாது!

வெள்ளிக்கிழமை மேடை தயாராக இருந்தது. அவர்கள் வரவில்லை. “வண்டி வழியில இருக்கு” என்று அண்ணாச்சி மூன்று தடவை மைக்கில் அறிவித்தார். நாலாவது தடவை ஏறவில்லை. காரணம் கேட்டு எழுதிய கடிதம் பிரிக்கப்படாமலே திரும்பி வந்தது. மூன்று வருடத்தில் குழுவும் உடைந்தது. நோட்டீஸில் யார் பெயர் முதலில் என்று செல்வினுக்கும் செல்விக்கும் தகராறு என்று சொன்னார்கள். அதன்பின் அந்த அம்மா மேடை ஏறவே இல்லை.

ஆனால் அண்ணாச்சியின் நோட்டீஸில் ஏறிக்கொண்டுதான் இருந்தார். ஒவ்வொரு தை மாதமும் நோட்டீஸின் கைப்பிரதி எழுதும்போது மூன்றாம் நாளுக்கு நேராக முதலில் ‘இசக்கிசெல்வி’ என்று பென்சிலில் எழுதுவார். கொஞ்ச நேரம் பார்ப்பார். பிறகு அழித்துவிட்டு, கிடைத்த குழுவின் பெயரை எழுதுவார். அச்சகத்துக்குப் போகிற தாளில் அந்த இடம் மட்டும் மெலிந்து போயிருக்கும். அவர் மனைவி பேச்சியம்மாளுக்கு இதில் பொறாமையெல்லாம் இல்லை. “அவிய ஒரு நா வந்து பாடிட்டுப் போயிட்டாவன்னா, இந்த மனுசன் ராத்திரி நல்லா உறங்குவாரு. எனக்கும் அதுதான் வேணும்” என்று என் மனைவியிடம் சொல்லியிருக்கிறார்.

செய்த தவறு என்ன என்பதே அவருக்குத் தொண்ணூற்றொன்பதில்தான் தெரிந்தது. தம்பானூர் பஸ் நிலையத்தில் அந்தக் குழுவின் தபலாக்காரர் குற்றாலலிங்கத்தைப் பார்த்து, ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டார். நானும் உடன் இருந்தேன். “ஓ! ‘மாத்தி வச்சாச்சு, விசாரிக்கப்படாது’ன்னு சொன்ன ஆளு நீங்கதானா?” என்று அவர் சிரித்தார். அண்ணாச்சிக்குப் புரியவில்லை. அந்தச் சொற்களின் இரண்டு அர்த்தத்தையும் இருவருக்கும் நான் விளக்கினேன். விளக்கியிருக்க வேண்டாம் என்று பிறகு நினைத்தேன். பக்கத்திலிருந்த சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தவர் இரண்டு பஸ் போகும்வரை எழுந்திருக்கவில்லை. போகும்போது குற்றாலலிங்கம் இன்னொன்றும் சொன்னார். “அந்த அம்மாவ வீட்டுக்காரர் தள்ளி வச்ச வருசம் அது. அந்த நேரத்துல நீங்களும் மாத்திட்டோம்னதும் உடைஞ்சு போயிட்டாங்க.” அன்றிலிருந்துதான் அண்ணாச்சிக்கு அந்தச் சொல் வாயில் வருவதில்லை.

மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் எழுதித் தரச் சொன்னார். நான் தஞ்சாவூர்க்காரன், மாற்றலாகி வந்தவன், தமிழில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. ஒரு சொல் பிசகாமல் இரண்டு பக்கம் எழுதினேன். படித்துவிட்டு, “சாரே, இது கோர்ட்டு நோட்டீஸ் மாதிரியில்லா இருக்கு” என்று மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அனுப்பவில்லை.

இந்த வருடம் தை மாதக் கூட்டத்தில் பெரிய ரகளை. கழக்கூட்டம் என்ற பக்கத்து ஊரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் சுமந்த், டி.வி.யில் வந்த பாடகர்தான் வேண்டும் என்றான். “இப்ப எல்லாரும் பழைய ஆளுங்களயே திருப்பிக் கொண்டுவராங்க அங்கிள், பிரிஞ்ச குழுவெல்லாம் சேர்றதுதான் இப்ப ஃபேஷன். நமக்குப் புதுசா வேண்டாமா?” என்று வாதாடி, தன் பேச்சுக்குச் சாட்சியாக ஒரு பேப்பரையும் காட்டினான். அதில் சேர்ந்த குழுக்களின் விளம்பரங்கள் இருந்தன. நடுவில், ‘மீண்டும் செல்வின்–செல்வி’.

அண்ணாச்சி அந்தப் பேப்பரை வாங்கிக்கொண்டு வெளியே போய்விட்டார். கூட்டம் அவர் இல்லாமலே முடிந்தது.

எங்கள் மூன்றாம் நாளான செவ்வாய்க்கிழமையை அந்தக் குழு ஒரு பெரிய கோயிலுக்குக் கொடுத்திருந்தது. பங்குனியில் அந்தக் கோயிலில் திருப்பணி தொடங்கி, விழா ஆவணிக்குப் போனது. அரை மணி நேரத்தில் அண்ணாச்சிக்குத் தெரிந்துவிட்டது. போன் பேசியது மட்டும் அவர் இல்லை. சுமந்தின் கையைப் பிடித்து, “மோனே, நீ பேசு. செல்வின் சாருகிட்ட பேசு. என் வாயில ஒண்ணும் வேண்டாம்” என்றார். சுமந்த் நல்ல பையன். தன் டி.வி. பாடகரை விட்டுவிட்டு ஐந்து நிமிடத்தில் முடித்துக் கொடுத்தான். இந்த வருடம் தையில் கைப்பிரதியில் மூன்றாம் நாளுக்கு நேராக எழுதிய பெயரை அண்ணாச்சி அழிக்கவில்லை. நோட்டீஸில் செல்வின் படமும் செல்வி படமும் ஒரே அளவில் இருக்கிறதா என்று ஸ்கேலை வைத்து அளந்தார்.

திங்கட்கிழமையே குழு வந்து தம்பானூரில் ஒரு லாட்ஜில் தங்கியது. செவ்வாய் விடியற்காலையில், எண்பத்தேழு வயதான கோயில் டிரஸ்டி உச்சிமாகாளி தூக்கத்திலேயே போய்விட்டார். சந்தில் சாவு விழுந்திருக்கும்போது மைக் கட்ட முடியுமா? கச்சேரி புதன்கிழமைக்கு என்று கமிட்டி சொன்னது.

“எஸ்.எம்.எஸ். அனுப்பிடறேன் அங்கிள்” என்றான் சுமந்த். அண்ணாச்சி அவனைப் பார்த்த பார்வையில் அவன் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டான். என்னைக் கூட்டிக்கொண்டு ஆட்டோவில் ஏறினார். ஏறியதுமே, “என்ன சொல்லட்டும் சாரே?” என்று ஆரம்பித்தார்.

“தள்ளி வைத்திருக்கிறோம் என்று சொல்லுங்கள். நல்ல தமிழ்தான்.”

“தள்ளியா? இங்க மனுவத் தள்ளுனா வேண்டாம்னு அர்த்தம். அது போட்டும், வீட்டுக்காரர் தள்ளி வச்ச பொம்பளகிட்டயா நான் அதச் சொல்ல?”

எனக்கு நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. “ஒத்தி வைத்திருக்கிறோம் என்று...”

“ஒத்தின்னா வீட்ட ஒத்திக்கு வைக்கதுல்லா?”

என் தமிழ்க் கர்வம் அதோடு தீர்ந்தது. கிழக்கேகோட்டை தாண்டி, ஓவர்பிரிட்ஜ் தாண்டி, லாட்ஜ் வாசல் வந்துவிட்டது. சொல் மட்டும் வரவில்லை.

மாடியில் அறைக் கதவைத் தட்டியதும் இசக்கிசெல்வியே திறந்தார். நரைத்த தலை, மூக்குக்கண்ணாடி. நோட்டீஸ் படத்தைவிடப் பத்து வயது கூடுதல். அண்ணாச்சி கும்பிட்டார். வாயைத் திறந்தார். மறுபடி கும்பிட்டார். பைக்குள்ளிருந்து நோட்டீஸை எடுத்துப் பிரித்தார். ‘செவ்வாய்’ என்ற இடத்தில் விரல் வைத்தார். நான் பேசலாம் என்று ஓரடி முன்னால் போனேன். அந்த அம்மா என்னைப் பார்க்கவே இல்லை.

“அண்ணாச்சி” என்றார். “மாத்தி வச்சாச்சா?”

இந்த ஊர்க்காரர்கள் சொல்கிற அதே ராகத்தில் சொன்னார். குற்றாலலிங்கம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார்! அண்ணாச்சியின் கண் நிறைந்துவிட்டது. ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

“இந்தத் தடவையாவது விசாரிக்கலாமா? என்னைக்கு?”

அண்ணாச்சி காதிலிருந்து பென்சிலை எடுத்தார். நோட்டீஸைக் கதவின்மேல் வைத்து ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். பிறகு, ரப்பர் இருக்கும் முனையை உள்ளங்கைக்குள் இறுக்கி மூடிக்கொண்டு, கிழமையை நீங்களே எழுதுங்கள் என்பதுபோல எழுதுகிற முனையை அந்த அம்மாவிடம் நீட்டினார்.