வெள்ளிக் குஞ்சம் வைத்த தொப்பி

மாட்டுப்பட்டிக்கு மேலே இருந்த எங்கள் எஸ்டேட்டின் கடைசி வெள்ளைக்காரத் துரை அவர். இரண்டு காதுகளும் நசுங்கிச் சுருண்டிருக்கும். ஸ்காட்லாந்தில் ரக்பி ஆடி அப்படி ஆனதாம். எழுபதுகளில் நான் அங்கே கிளார்க். சாயங்காலம் தபாலோடு பங்களாவுக்குப் போவேன்.

மேஜையில் சின்ன டீ கெட்டில் இருக்கும். சூடு ஆறாமலிருக்க அதன்மேல் ஒரு நீல வெல்வெட் உறை. எடுக்குமுன் அதன் வெள்ளிக் குஞ்சத்தைத் துரை கட்டைவிரலால் ஒருமுறை நீவுவார்.

எங்கே வாங்கியது என்று ஒருநாள் கேட்டேன். சமையல்காரர் உள்ளே போகும்வரை காத்திருந்தார்.

"வாங்கல. இது தொப்பி. நாட்டுக்காக ஒரே ஒரு மேட்ச் ஆடுனேன், அதுக்குக் குடுத்தாங்க." கொழுந்து கிள்ளும் பெண்களிடம் கற்ற தமிழ். "பெட்டியில இருந்துச்சு. சமையல்காரரு கெட்டிலுக்குன்னு நெனச்சுட்டாரு."

"அவருகிட்ட சொல்லலையா தொரை?"

"மொத நாளே சொல்லியிருக்கணும். இப்பச் சொன்னா மனசு சங்கடப்படுவாருல்ல."

எஸ்டேட் கைமாறி அவர் ஊருக்குக் கிளம்பிய காலையில், சாமானெல்லாம் ஜீப்பில் ஏறிவிட்டது. கடைசி டீயைக் குடித்தார். தொப்பியை எடுத்துக்கொள்வார் என்றுதான் நினைத்தேன். குஞ்சத்தை நீவி, காலிக் கெட்டிலின் மேலேயே கவிழ்த்தார்.

"புதுத் தொரைக்கும் சூடா குடுங்க" என்று சமையல்காரரிடம் சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

வந்தவர் காப்பி மட்டுமே குடிப்பவர். ஆனாலும் சமையல்காரர் அந்தத் தொப்பியை அவ்வப்போது வெயிலில் காயவைத்துத் திரும்பக் கெட்டிலின் மேல் கவிழ்ப்பார். கவிழ்த்ததும் குஞ்சத்தை ஒருமுறை நீவுவார். அவருக்கு ஒன்றும் தெரியாது என்று அடித்துச் சொல்ல அதன்பிறகு எனக்குத் தைரியம் வரவில்லை.