தலைமாட்டில் வைத்த பூட்டாங்கயிறு

எனக்கு எழுபத்தாறு வயது. பெற்ற நான்கு பேரோடு, ஓரகத்தி விட்டுப்போன இரண்டு பேரையும் சேர்த்து ஆறு பிள்ளைகளை வளர்த்தேன். ஒருவரையும் தூக்கம் கெட விட்டு வளர்க்கவில்லை என்பதை எங்கே வேண்டுமானாலும் நிமிர்ந்து சொல்வேன். எனக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க மட்டும்தான் வரும் என்பதால், நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள்.

தூக்கம் என்றாலே எனக்கு மாட்டு வியர்வை ஊறிய கயிற்றின் வாசனைதான் முதலில் வருகிறது. மாட்டின் கழுத்தை நுகத்தடியோடு சேர்த்துக் கட்டும் "பூட்டாங்கயிறு" அது. கார்த்திகை தீபத்துக்கு மறுநாள் அம்மா அதைச் சுருட்டித் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் படுப்பாள்.

அடி அண்ணாமலையில் எங்கள் வீடு மலை சுற்றும் பாதையை ஒட்டி இருந்தது. தீபத்தன்று வெளியூர் வண்டி மாடுகளை எங்கள் களத்தில்தான் அவிழ்த்துவிடுவார்கள். அந்த மாடுகளுக்கு அப்பா இரவெல்லாம் காவல். ஒரு வருஷம் மழை ஏமாற்றி நாற்று வாடிக்கொண்டிருந்தது. அதனால் கண்ணே மூடாத அப்பா, விடிந்ததும் நேரே "கவலை" ஓட்டப் போனார். தண்ணீர் மொள்ளும் தோல் சால் ஒன்றை வடக்கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் விட்டு, மாடுகளைச் சரிவில் முன்னுக்கு ஓட்டினால் தண்ணீர் மேலே வரும். பிறகு மாடுகளைப் பின்னுக்கு நடத்த வேண்டும், ஓட்டுகிறவரும் கிணற்றுக்கு முதுகைக் காட்டியபடி பின்னால் நடப்பார். மடை திருப்பிக்கொண்டிருந்த நான் நிமிர்ந்து பார்த்தபோது, அப்பாவின் கண்கள் மூடியிருந்தன. கால்கள் மட்டும் பின்னால் போய்க்கொண்டிருந்தன. நான் கத்துவதற்குள் கிணற்று விளிம்புக்கு வந்துவிட்டார். குதிகால் விளிம்பைத் தாண்டியதும் விழித்து, வடத்தைப் பிடித்துத் தொங்கினார். மாடுகள் இரண்டும் காலை ஊன்றி நின்றதால் பிழைத்தார். கூழ் கொண்டுவந்த அம்மா பானையைப் போட்டுவிட்டு ஓடிவந்து அவரை மேலே இழுத்தாள்.

மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தவரிடம், "ஏன்யா, மாடு ரெண்டும் ராத்திரி தூங்குச்சு. நீ தூங்குனியா?" என்றாள்.

"இப்பதான் தூங்கினு இருந்தேன். அதுக்குள்ள எழுப்பிட்டே" என்றார் அப்பா.

அம்மா சிரிக்கவில்லை. பூட்டாங்கயிறுகளை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, "நாத்து ஒரு பொழுது வாடினா செத்துடாது. போய்ப் படு" என்றாள்.

அதிலிருந்து வருஷா வருஷம் தீபத்துக்கு மறுநாள் கயிறு அம்மாவின் தலைமாட்டில்தான். ஊரே வேலைக்குப் போக, எங்கள் வீட்டுக் கதவு மட்டும் சாத்தியிருக்கும். பெரியப்பா தெருவில் நின்று, "என்னம்மா, உங்க வூட்ல இன்னும் விடியலியா?" என்று கேலி பேசுவார். "எங்க வூட்ல தூங்கி எழுந்தாதான் விடியும்" என்று அம்மா உள்ளேயிருந்தே பதில் சொல்வாள். வயிற்றுக்குச் சோறு போல உடம்புக்குத் தூக்கம் என்று அவள் வைத்திருந்தாள். சோறு கம்மியானால் வயிறு கேட்கும், தூக்கம் கம்மியானால் உடம்பு கேட்காமலே ஆளைச் சாய்த்துவிடும் என்பதை நான் அந்தக் கிணற்றடியில் பார்த்தேன். என் பிள்ளைகளைப் பொழுதோடு சாப்பிடவைத்துப் பொழுதோடு படுக்கவைத்தேன். சண்டை இருந்தால் காலையில் வைத்துக்கொள்ளுங்கள் என்பேன்.

இப்போது அந்தக் கிணற்றைத் தூர்த்து வீடு கட்டிவிட்டார்கள். கவலை போனது, மாடுகள் போயின, பாதையில் இருட்டும் போனது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி விடியவிடிய ஜனம். என் கடைசி மகன் இரவெல்லாம் வேனில் ஆள் ஏற்றுகிறான். இன்று விடியற்காலை கண் சிவந்து வந்தவன், முகத்தைக் கழுவிக்கொண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றக் கீழ்பென்னாத்தூருக்குக் கிளம்பினான். ஆணியில் மாட்டியிருந்த வேன் சாவியை நான் எடுத்துக்கொண்டேன்.

"குடும்மா, டைம் ஆச்சு. ஒரு டீ அடிச்சா சரியாப்பூடும்."

"டீ கண்ணைத் தொறக்கும்டா. உள்ள தூங்குறவனை எழுப்பாது. உங்க தாத்தாவுக்கும் கால் நடந்துகினுதான் இருந்துச்சு."

நீட்டிய கையை மடக்கிக்கொண்டான். பிறகு பக்கத்துத் தெரு இஸ்மாயிலுக்குப் போன் போட்டான். பிள்ளைகள் அவர் வண்டியில் போனார்கள். இவன் சட்டையைக்கூடக் கழற்றாமல் சாய்ந்துவிட்டான். சாவி என் தலையணைக்கு அடியில் இருக்கிறது.

போதும் பாப்பா. காலேஜுக்கு மதியம்தானே போகணும், எழுதினதை ஒருவாட்டி திருப்பிப் படிச்சுக் காட்டு. மெதுவா படி, உங்கப்பன் தூங்குறான்.