ஈர மண்ணில் புதைந்த ஜாக்கி

எழுபதுகளில் மலேசியாவின் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் குடியிருந்தோம். சேற்றுப் பாதையில் காய்கறி ஏற்ற என் கணவர் ஒரு பழைய பிக்கப் வண்டி வாங்கி, வீட்டு வாசலிலேயே அதற்குப் பெரிய சக்கரம் மாட்டப் பார்த்தார்.

மழை விட்ட மத்தியானம். வண்டியை ஜாக்கி வைத்துத் தூக்கி, பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு அடியில் படுத்திருந்தார். ஈர மண்ணில் ஜாக்கி புதைந்து, வண்டி அவர் நெஞ்சின்மேல் இறங்கிவிட்டது. கத்தக்கூட அவருக்கு மூச்சில்லை. ஆண்கள் எல்லாரும் மலையில் வேலையாக இருந்தார்கள். நானும் பக்கத்து வீட்டு அஞ்சலையும் தூக்கிப் பார்த்தோம். வண்டி அசையவேயில்லை. அவர் உதடு நீலம் பாரித்தது. நான் தலையில் அடித்துக்கொண்டு அழுதேன்.

“அழுவாதக்கா! தூக்க முடியாதுலா, மண்ண தோண்டுவோம்!” என்றாள் அஞ்சலை.

வண்டி மேலும் இறங்காமல் கழற்றிய சக்கரத்தை அடியில் முட்டுக் கொடுத்துவிட்டு, அவர் முதுகுக்குக் கீழே கையாலேயே மண்ணைப் பறித்தோம். நகம் பிய்ந்தது தெரியவில்லை. கொஞ்சம் இடம் கிடைத்ததும் காலைப் பிடித்து இழுத்தோம். வெளியே வந்து அவர் மூச்சை இழுத்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

விலா எலும்பு முறிந்ததோடு பிழைத்தார். அன்றிலிருந்து ஜாக்கிக்கு அடியில் பலகையும் வண்டிக்கு அடியில் மரக்கட்டையும் வைக்காமல் அவரைப் படுக்க விடுவதில்லை.

“போய் சோத்த ஆக்கு, நான் பாத்துக்குறேன்” என்பார்.

அவர் வெளியே வந்து எழுந்து நிற்கும்வரை என் வீட்டில் அடுப்பு எரியாது.